பாக்குது, பாக்கல

ஜூன் 8, திங்கள்

இன்றைக்குத்தான் ஊசி போட்டு முடித்தேன். பாதி எலிகளுக்கு மருந்து, மீதிப் பாதிக்கு மருந்து கரைக்கும் வெறும் நீர். மருந்து போன எலிகளுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் செத்துப்போகும். இரண்டு மூன்று நாளில் சர்க்கரை நோய் வந்துவிடும். மனுஷனுக்கு இருபது வருஷம் தின்று, உட்கார்ந்து, கவலைப்பட்டு வருவதை எலிக்கு ஒரே ஊசியில் கொடுத்துவிடலாம். பெருமைப்பட ஒன்றும் இல்லை. என் கையிலிருந்த ஒன்று, ஊசி முடிந்ததும் என் விரலை நக்கியது.

ஊசி போடும் நேரம் முழுக்க என் வீட்டுக்காரர் எலிகள் இருக்கும் அனிமல் ஹவுஸ் பக்கமே வரவில்லை. வரக் கூடாது. எது சர்க்கரை எலி, எது வெறும் எலி என்பது எனக்கு மட்டும்தான் தெரியவேண்டும். எந்த எலிக்குப் பார்வை மங்கியது என்று சொல்லப்போகிறவர் அவர். எது எது என்று தெரிந்துவிட்டால், சர்க்கரை எலிக்குத்தான் கண் மங்கியது என்று மனசு தானாகவே சொல்லிவிடும். தான் பேராசிரியர் ஞானசிகாமணியாக இருந்தாலும் தனக்கும் அப்படி ஒரு மனசு உண்டு என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார்.

ஒரே துறையில் புருஷனும் பெண்டாட்டியும் வேலை பார்த்தால் இதுதான் தொல்லை, ஆய்வகம் அடுப்படி வரைக்கும் வந்துவிடும். காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போதே சட்டம் போட்டார்.

"ரஞ்சிதம், இது முடியுத வரைக்கும் வீட்டுல எலிப் பேச்சு கிடையாது. நான் சொல்லுதது சரியா தப்பான்னு உன் மூஞ்சில கூடத் தெரியக் கூடாது."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து என் மூஞ்சியப் பாத்து உங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கு?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

ஜூன் 11, வியாழன்

ஊசி போட்டவை எல்லாவற்றுக்கும் சர்க்கரை ஏறிவிட்டது. தண்ணீர்ப் பாட்டில் வைத்த வேகத்தில் காலியாகிறது. கூண்டில் பரப்பிய உமி தொப்பலாக நனைந்து நாறுகிறது. இனி தினமும் மாற்ற வேண்டும். வெறும் எலிகளின் உமி காய்ந்துதான் கிடக்கிறது, ஆனாலும் அதையும் மாற்றுகிறேன். ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்கும் செய்ய வேண்டும், அதுதான் முறை. முறையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

ஜூன் 16, செவ்வாய்

முதல் பார்வைச் சோதனை. இனிச் செவ்வாய்தோறும்.

வெளிநாட்டில் இதற்குக் கேமராவும் கணினியும் வைத்து ஒரு இயந்திரம் இருக்கிறது. எங்களுடையது அவர் கட்டியது. வண்ணார்பேட்டை லேத் பட்டறையில் செய்த தகர உருளை; டேபிள் ஃபேன் மோட்டாரில் மெதுவாகச் சுற்றும். உள்சுவரில் நெட்டுக்குக் கோடு போட்ட தாளை ஒட்டுவோம். நடுவில் கறுப்புத் தட்டு. எலியைத் தட்டில் விட்டால், கோடு அதன் கண்ணுக்குத் தெரிகிறவரை தலையும் கோட்டோடு சேர்ந்து லேசாகத் திரும்பும். தெரியாவிட்டால் சும்மா மீசையைத் தடவிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தாளாக மாற்றுவோம். முதல் தாளில் கோடு நல்ல கறுப்பு, கடைசித் தாளில் ஏதோ அழுக்குப் பட்டது போல இருக்கும். எந்தத் தாளில் தலை நிற்கிறது என்பதுதான் கணக்கு.

அவர் மூடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாகக் குனிந்து பார்ப்பார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, பக்கக் கதவு வழியாக எலியை உள்ளே விடுவேன். நனைந்த வயிறு காட்டிக்கொடுத்துவிடும் என்று எல்லா எலிகளையும் துண்டால் துடைத்தே விடுகிறேன். "பாக்குது" என்பார், அல்லது "பாக்கல" என்பார். நான் குறித்துக்கொள்வேன்.

இன்றைக்கு எல்லாமே பார்த்தன, கடைசித் தாள் வரைக்கும். இந்த இன எலிக்குத் தலை கறுப்பு, உடம்பு வெள்ளை. கறுப்புத் தட்டில் கறுப்புத் தலை அவ்வளவு லேசாக அசைவதை அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். நான் ஒரு முறை எட்டிப் பார்த்தேன், எனக்குக் கண் வலித்ததுதான் மிச்சம்.

ஜூன் 21, ஞாயிறு

ஆலயத்தில் ஆராதனை முடிந்து வந்ததும் சுளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரிசியில் கல் பொறுக்குவது எங்கள் வீட்டில் அவர் வேலை. என் தம்பி வயல் அரிசி, சோற்றைவிடக் கல்லைத்தான் அதிகம் அனுப்புவான்.

"உங்க சுகர் பாத்து எவ்வளவு நாளாச்சு?" என்றேன். அவருக்கும் பன்னிரண்டு வருஷமாக உண்டு.

"இதுவும் எலிப் பேச்சுதான், சட்டத்துல வரும்."

"கண்ணைக் காட்டினீங்களா?"

"கிறிஸ்துமஸ் லீவுல காட்டினேன். எல்லாம் நல்லா இருக்காம்."

சரி என்று விட்டுவிட்டேன். விழித்திரையைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது.

ஜூலை 7, செவ்வாய்

சர்க்கரை எலிகளில் பாதிக்குமேல் கடைசித் தாளில் "பாக்கல". வெறும் எலிகள் எல்லாம் "பாக்குது". ஊசி போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. விழித்திரையில் ரத்தக் குழாய் எதுவும் இன்னும் உடைந்திருக்காது, டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் பார்வை அதற்கு முன்பே மங்கத் தொடங்கிவிட்டது. இதைத்தான் அவர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

சொல்லவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழியும்போதும் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் வச்சிருக்க மூஞ்சிய."

ஜூலை 14, செவ்வாய்

வெறும் எலிகளில் சிலதும் கடைசித் தாளில் "பாக்கல" ஆகிவிட்டன.

ஊசி மாறிப் போட்டுவிட்டேனோ என்று அத்தனை வெறும் எலிகளின் வாலையும் குத்திச் சர்க்கரை பார்த்தேன். எல்லாம் ஒழுங்கான அளவு. நல்லவேளை, தப்பு என்னுடையது இல்லை. உருளைக்குள் ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பக் காட்டினால் எலிக்கும் அலுத்துப்போகும். புத்தகத்திலேயே அப்படி இருக்கிறது.

ஜூலை 18, சனி

மத்தியானச் சோற்றில் கல். என் கடைவாய்ப் பல்லில் நறுக்கென்றது. அவரும் ஒன்றைத் துப்பினார். "உன் தம்பி இந்தத் தடவ ஜல்லியே அனுப்பிட்டான்" என்றார். சுளகில் மீதி அரிசியைக் கொட்டிப் பார்த்தேன். கல் சின்னது இல்லை. தெள்ளத் தெளிவாகத் தெரிகிற கல். தரகரிடம் வேறு அரிசி சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 21, செவ்வாய்

சோதனைக்கு நடுவில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "ரஞ்சிதம், பல்பைக் கொஞ்சம் பெருசாப் போட்டா என்ன?" என்றார்.

"போடக் கூடாது சார்" என்றேன். ஆய்வகத்தில் அவர் எனக்குச் சார்தான். "வெளிச்சத்த மாத்தினா முந்தின வாரக் கணக்கெல்லாம் வீணாப்போகும். நீங்கதான சொன்னீங்க?"

"சரிதான், சரிதான்" என்றார். பிறகு வரிசையாக நிறைய "பாக்கல".

அவர் சொல்லியிருந்தும் நான் விட்டுக்கொடுக்காததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. எழுதிவைக்கிறேன்.

ஜூலை 28, செவ்வாய்

அவருக்குக் காய்ச்சல். வாரம் விட்டுப்போகக் கூடாதே என்று எங்கள் மாணவி ரமீசாவை உருளைமேல் குனியச் சொன்னேன். மேலப்பாளையத்துப் பிள்ளை, கெட்டிக்காரி, வாய் மட்டும் ஓயாது. வெறும் எலிகள் ஒன்றுவிடாமல் கடைசித் தாள் வரைக்கும் "பாக்குது மேடம், நல்லாப் பாக்குது" என்றாள். சர்க்கரை எலிகளில்கூடச் சிலது பார்க்கிறது என்றாள்.

புதுப் பிள்ளை. எலி மூக்கை ஆட்டினாலும் தலையை ஆட்டுகிறது என்பாள். ஒரு சோதனையை முதலிலிருந்து கடைசிவரை ஒரே கண்தான் பார்க்கவேண்டும், கண்ணை மாற்றினால் கணக்குக் கெட்டுவிடும். அவள் சொன்னதை நான் எழுதிக்கொள்ளவில்லை. "உனக்குப் பழக்கம் வரட்டும்னுதான் பாக்கச் சொன்னேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

அவர் வந்துவிட்டார். வெறும் எலிகளில் பெரும்பாலானவை நாலாவது தாளிலேயே "பாக்கல".

உருளையைக் கழற்றிப் போட்டேன். அதே வாட்டில் புது பல்பு மாற்றினேன். கோட்டுத் தாள்கள் வெளிறியிருக்கின்றனவா என்று புதுத் தாளோடு வைத்துப் பார்த்தேன், வெளிறவில்லை. மோட்டார் வேகம் அளந்தேன், சரியாக இருந்தது. எலிகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. தீனி மூட்டை மாறியதிலிருந்து என்று நினைக்கிறேன். கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். பாவம் அந்த ஆள், கடைசிவரை அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ரமீசா வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். நேத்து வராந்தால சாருக்கு நேர நின்னு வணக்கம் சொன்னேன். சார் யாருன்னு கேட்டாங்க."

"அவருக்கு ஆயிரம் யோசனை இருக்கும். உன் தீசிஸ் எந்த மட்டுல நிக்கி? அதச் சொல்லு முதல்ல."

போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஸ்கூட்டரை எடுக்காமல் நடந்தே ஆலயத்துக்குப் போனோம். நடந்தால் சர்க்கரைக்கு நல்லது என்றார். போன வாரமும் அதையே சொன்னார். மழை குழி பறித்திருந்த இடத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் பார்க்க அவர் என் கையைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை, எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

இன்று வேதபாடம் வாசிக்கும் முறை அவருடையது. மேடையில் புத்தகத்தை விரித்தார், கண்ணாடியை ஏற்றி இறக்கினார், பிறகு நிமிர்ந்து, குறித்திருந்த பகுதியை விட்டுவிட்டு மனப்பாடமாகத் தெரிந்த வேறொரு பகுதியைக் கணீரென்று சொல்லிவிட்டு இறங்கினார். போதகர் ஐயர் பிரசங்க மேடையில் திருதிருவென்று விழித்தார்.

"என்னங்க இப்பிடிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"இன்னைக்கு இதைத்தான் சொல்லணும்னு தோணிச்சு" என்றார். நானும் அதையே கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

பாக்கல, பாக்கல, பாக்கல. சர்க்கரை எலிக்கும் அதுதான், வெறும் எலிக்கும் அதுதான்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

கல்லை இப்போது நானே பொறுக்குகிறேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சொல்லிவிடலாமா என்று இருக்கிறது. "வெறும் எலிகளும் சோதனைல விழுது" என்று சொன்னால் அந்த நிமிஷமே சோதனை செத்தது. அதற்குப் பிறகு அவர் எந்த எலியைப் பார்த்தாலும் என் பேச்சுத்தான் காதில் நிற்கும். அத்தனை எலிகளுக்கும் நான் போட்ட ஊசி வீண். இன்னும் இரண்டே இரண்டு செவ்வாய்தான். இவ்வளவு நாள் இருந்தாயிற்று.

செப்டம்பர் 1, செவ்வாய்

கடைசிச் சோதனை. முதல் தாள், நல்ல கறுப்புக் கோடு. நான் கையில் வைத்திருந்தது வெறும் எலி. கொழுத்த, துறுதுறுப்பான எலி. கதவை மூடுமுன் எனக்கே தெரிந்தது, கோட்டோடு அதன் தலை திரும்பியது. நான் பக்கக் கதவில் நின்று பார்த்தேன்.

"பாக்கல" என்றார்.

எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 3, வியாழன்

எல்லாவற்றையும் மயக்க மருந்து கொடுத்து முடித்தோம். கண்களை எடுத்து மருந்தில் போட்டேன். விரலை நக்கியது எது என்று இத்தனை மாதத்தில் எனக்கு அடையாளம் மறந்துபோயிற்று. அதுவரைக்கும் நல்லது.

செப்டம்பர் 11, வெள்ளி

விழித்திரையைப் பிரித்து, ரத்தக் குழாய் வலையை மட்டும் ஸ்லைடில் விரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சர்க்கரை எலிகளிடம் அங்கங்கே குழாயை அணைத்து நிற்கும் செல்கள் உதிரத் தொடங்கியிருக்கின்றன. மிகக் கொஞ்சம்தான், ஆரம்பம்.

வெறும் எலிகளின் வலையில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு ஸ்லைடாக மாற்றினேன். இத்தனை சுத்தமான விழித்திரையை நான் பார்த்ததே இல்லை. இந்த எலிகளுக்குக் கடைசிவரை கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் இன்னும் ஸ்லைடுகளைப் பார்க்கவில்லை. அதையும் எது எது என்று தெரியாமல்தான் பார்க்கவேண்டும், அவர் பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். கேட்டதற்குத் "திங்கக்கிழம பாக்கேன்" என்றார். முதல் ஸ்லைடு தயாரான அன்றைக்கும் நாளைக்கு என்றுதான் சொன்னார்.

செப்டம்பர் 13, ஞாயிறு

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர், "ரஞ்சிதம், இங்க வா" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இடது கண்ணுக்குள்ள யாரோ மசியக் கொட்டின மாதிரி இருக்கு. கீழே இறங்கிட்டே இருக்கு."

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷெரின். எங்களிடம் படித்தவள். வெகுநேரம் பார்த்தாள். இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து நிரம்பிவிட்டது. வலது கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கி, பழைய கசிவெல்லாம் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இது ஒரு நாள்ல வர்றதில்ல மேடம். மாசக்கணக்கா மங்கிட்டே வந்திருக்கும். சார் ஒண்ணும் சொல்லலியா?"

"கிறிஸ்துமஸுக்கு இங்க காட்டினாரே."

"இங்க சார் வந்ததே இல்லியே மேடம்."

அவளே தொடர்ந்தாள்.

"ஜூலைலயாவது வந்திருந்தா லேசர், ஊசின்னு பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். இனி, இருக்கறதக் காப்பாத்தப் பாப்போம். போனது திரும்புமான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் என் தோளைத் தொட்டாள். யாரும் கவனிக்கலையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? செவ்வாய்தோறும் கவனித்தேன், கவனித்துக் குறித்தும் வைத்தேன்.

செப்டம்பர் 16, புதன்

கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். தலையணையை உயர வைத்துச் சாய்ந்தே படுக்கவேண்டும். என் கையை விடவில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இன்று ஆலயத்துக்குப் போகவில்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். காபி குடித்து முடித்து டம்ளரைக் கையால் தடவி ஸ்டூலில் வைத்தார்.

"சோதனைதான் முடிஞ்சிட்டே. இனிச் சட்டம் கிடையாது. எது எதுன்னு சொல்லு ரஞ்சிதம்."

"இப்பம் எதுக்கு? உடம்பு தேறட்டும்."

"சொல்லு."

சொன்னேன். எந்த எலி சர்க்கரை, எந்த எலி வெறும் எலி, எந்த வாரம் எது நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சர்க்கரை எலிகள் முதலில் விழுந்ததைச் சொன்னபோது தலையை ஆட்டினார், முகத்தில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. வெறும் எலிகளுக்கு வந்தபோது ஆட்டுவது நின்றுவிட்டது. நடுவில் என்னை நிறுத்தினார்.

"வெறும் எலிகளோட ஸ்லைடு எப்பிடி?"

"ஒரு குறையும் இல்ல."

அவருக்கு அதற்குமேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. இப்படிப்பட்ட கணக்கை வைத்தே வாழ்ந்தவர்.

"அப்பம் எலிக்கு ஒண்ணுமில்ல" என்றார் கடைசியில். "எப்பம் ஆரம்பிச்சுது?"

"ஜூலை நடுவுல."

"ஆமா. அப்பமே எனக்கும் ஒரு சந்தேகம். தட்டும் தலையும் ஒண்ணா கரைஞ்ச மாதிரி இருந்துச்சு. பல்ப மாத்தச் சொன்னது அதுக்குத்தான்."

"டாக்டர்கிட்ட போயிருக்கலாம்லாங்க? காட்டினேன்னு எதுக்குப் பொய் சொன்னீங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது. யார் மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது.

"பயம்" என்றார். எளிதாகச் சொல்லிவிட்டார். "எலிக் கண்ணப் பாக்கும்போது என்னென்ன ஆகும்னு தெரியும்லா? டாக்டர் வாயால கேக்கப் பயம். அதான் வேற வழி வச்சிருந்தேன்."

"என்ன வழி?"

"நீதான். வெறும் எலி எதுன்னு உனக்குத் தெரியும். நான் வெறும் எலியப் பாக்கலன்னு சொன்னா, தப்பு என் கண்ணுலன்னு உனக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா உன் மூஞ்சி மாறிரும். அதனால செவ்வாக்கிழம வீட்டுக்கு வந்ததும் உன் மூஞ்சியத்தான் முதல்ல பாப்பேன். நீ எப்பவும்போலதான் இருந்த. காபி குடுத்த, என் சட்டைய இஸ்திரி போட்ட. சரி, கண்ணு நல்லாத்தான் இருக்கு, எலிதான் மங்குதுன்னு இருந்துட்டேன்."

ஸ்டூலிலிருந்த காபி டம்ளரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆகஸ்ட் கடைசில உன் மூஞ்சியும் சரியாத் தெரியல. அப்புறம் குரல வச்சுப் பாத்தேன். அதுவும் மாறல." கொஞ்சம் சிரித்தார். "நீ முறை தப்பமாட்ட. அது எனக்குத் தெரியும்."

பாராட்டாகத்தான் சொன்னார். குத்திக் காட்டத் தெரியாத மனுஷன். குத்தியிருந்தால் நான் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பேன், இப்போது அதற்கும் வழியில்லை.

பிறகு அவர் ஆய்வைப் பற்றித்தான் பேசினார். ஸ்லைடு கணக்கு நிற்கும், பார்வைக் கணக்கைத் தூக்கிப் போடவேண்டும் என்றார். சர்க்கரை எலிகள் உண்மையிலேயே முதலில் மங்கினவா, அல்லது அப்போதே அவர் கண்தான் மங்கிக்கொண்டிருந்ததா என்று இனி எப்படிச் சொல்வது? "வேற யாராவது ஒரு வாரம் பாத்திருந்தா ஒத்துப் பாக்கலாம்" என்றார். ரமீசா பார்த்தாள், நான்தான் எழுதிக்கொள்ளவில்லை. அதையும் சொன்னேன். "ம்" என்றார்.

சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே காற்று வேப்பமரத்தைப் போட்டு உலுக்கியது. எனக்குக் கண்ணீர் வந்தது; துடைக்காமல் விட்டேன், நெஞ்சுப் பக்கம் சேலை நனைந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தார், இரண்டு அடிகூட இருக்காது. முகத்தை நேராக என்மேல் வைத்துக்கொண்டு, "என்ன, சத்தத்தக் காணோம்? அடுப்புல ஏதும் வச்சிருக்கியா?" என்றார்.

முதலில் "ஆமா" என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"இல்லங்க" என்றேன். "அழுதுட்டு இருக்கேன்."

அவர் கையை முன்னால் நீட்டினார். கொஞ்சம் இடது பக்கமாகப் போயிற்று. நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.